சிவகாமி மகன் யார்? திரைப்பாட்டில் மறைபொருள் காண்பது பற்றிச் சில எண்ணங்கள்

மும்பைத் தமிழர் வீடுகளில் தலைமுறைக்கு ஒரு பாட்டு. பெரியவர்கள் கண்ணதாசனைக் கேட்பார்கள். பிள்ளைகள் கிதாரைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஆங்கில ராக் பாட்டுகளை மீட்டுவார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு தரப்பும் ஒன்றுதான். பாட்டைவிட, பாட்டுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதாகச் சொல்லப்படும் கதையில்தான் எல்லாருக்கும் ருசி. ஈகிள்ஸ் குழுவின் 'ஹோட்டல் கலிஃபோர்னியா' 1976-ல் வந்தது. அந்த ஹோட்டல் சாத்தானை வழிபடுவோரின் கோயில் என்பார் ஒருவர், மனநோய் மருத்துவமனை என்பார் இன்னொருவர். எழுதியவர்களுள் ஒருவரான டான் ஹென்லியோ, அமெரிக்க வாழ்வின் மிதமிஞ்சிய போக்கைச் சொன்னதுதான் என்று பலமுறை விளக்கிவிட்டார். யார் கேட்டார்கள்?

1967-ல் பீட்டில்ஸ் குழுவின் 'லூசி இன் த ஸ்கை வித் டயமண்ட்ஸ்' வெளிவந்தபோதும் இதே கதை. தலைப்பில் உள்ள பெயர்ச்சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் எல்.எஸ்.டி. என்ற போதைமருந்தின் பெயர் வருகிறது, ஆகவே இது போதைப் பாட்டு என்றார்கள். தன் சிறுவயது மகன் பள்ளியிலிருந்து கொண்டுவந்த ஓவியத்துக்கு அவன் சொன்ன பெயர்தான் அது என்று ஜான் லெனன் கடைசிவரை சொன்னார். தாம் படித்த பள்ளியில் ஆசிரியர் ஒருவர் பீட்டில்ஸ் பாடல்களுக்கு மாணவர்களைப் பொருள் எழுத வைக்கிறார் என்று கேள்விப்பட்டதும், எவனாலும் பொருள் சொல்ல முடியாதபடி ஒரு பாட்டை வேண்டுமென்றே குழப்பி எழுதினார். 'ஐ ஆம் த வால்ரஸ்' என்பது அதன் பெயர். அதற்கும் உரை எழுதத்தான் செய்தார்கள்.

நம்ம பக்கத்திலும் அதே 1967-ல் ஒரு பாட்டு வந்தது. 'பட்டணத்தில் பூதம்' படத்தில் கண்ணதாசன் எழுதி, டி.எம்.சௌந்தரராஜனும் பி.சுசீலாவும் பாடியது. சிவகாமியின் மகனிடம் போய்ச் சேதி சொல்லும்படி காதலி கேட்கும் பாட்டு என்றால் எல்லாருக்கும் தெரியும். சயானிலோ செம்பூரிலோ மெல்லிசைக் கச்சேரி நடந்தால், இந்தப் பாட்டுக்கு முன்னால் அறிவிப்பாளர் ஒரு கதை சொல்லாமல் விடமாட்டார். காமராசரின் தாயார் பெயர் சிவகாமி அம்மையார். கவிஞருக்குக் காங்கிரசில் சேர ஆசை. நேரே போய்க் கேட்க வெட்கப்பட்டு, படப்பாட்டில் தூது விட்டார். பெருந்தலைவர் கேட்டார், சிரித்தார், சேர்த்துக்கொண்டார். அரங்கம் கைதட்டும்.

கைதட்டட்டும், நல்ல கதைதான். ஆனால் நிஜமா என்று ஒருவரும் கேட்பதில்லை. தமிழில் உரை எழுதும் கலைக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் வயதாகிறது. ஒரு பாட்டில் மறைந்திருப்பதாகச் சொல்லும் பொருள் செல்லுமா செல்லாதா என்று பார்க்க நம் உரையாசிரியர்கள் அளவுகோல் வைத்திருந்தார்கள். அதை இந்தப் பாட்டின்மேல் வைத்துப் பார்க்கலாம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பத்துப்பாட்டில் நக்கீரர் பாடிய நெடுநல்வாடை 188 அடி கொண்டது. கூதிர்காலத்து இரவு. அரண்மனைக் கட்டிலில் தலைவி தூக்கமின்றிக் கலங்கிக் கிடக்கிறாள். தலைவனோ பாசறையில், புண்பட்ட வீரர்களை நள்ளிரவில் பார்த்து வருகிறான். யாருக்கும் பெயர் இல்லை. படித்தால் அசல் அகப்பாட்டு. தொல்காப்பியர் விதியும் அதுதான், அகத்திணையில் இன்னார் என்று சுட்டி ஒருவர் பெயரையும் சொல்லலாகாது. ஆனால் நச்சினார்க்கினியர் இதை அகம் என்று ஒப்பவில்லை. பாசறைக் காட்சியில் வரும் வேலில் வேம்பு கட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியனின் அடையாளப் பூ. ஆகவே தலைவன் இன்னான் என்று சுட்டியாயிற்று, ஆகவே இது புறம் என்கிறார். 188 அடியில் ஒரே ஒரு வேம்பு, பாட்டின் திணையையே மாற்றிவிட்டது!

சிவகாமி என்ற பெயரும் அந்த வேம்பு மாதிரிதானே என்று கேட்கத் தோன்றும். இல்லை என்பேன். வேம்பு சூடியவன் மூவேந்தருள் பாண்டியன் ஒருவனே. சேரனுக்குப் பனை, சோழனுக்கு ஆத்தி. அன்றைக்குப் பாட்டைக் கேட்டவனுக்கு அதில் சந்தேகமே வராது. சிவகாமி என்பது அப்படிப்பட்ட பெயரா? தில்லையில் நடராசர் பக்கத்தில் நிற்கும் அம்மன் பெயர் அது. அவள் மகன் முருகன். முருகனைக் காதலனாக வைத்து ஏங்குவது தமிழ்ப்பெண் காலங்காலமாகச் செய்துவருவது. நான் சயானில் பாத்திர வியாபாரம் செய்கிறவன். சீர்ப்பாத்திரத்தில் பெயர் வெட்டித் தரச் சொல்வார்கள். முழுப்பெயரும் ஊரும் வெட்டினால் குடம் எந்த வீட்டுக்குப் போனாலும் திரும்பி வரும். வெறும் முதல் எழுத்தை வெட்டினால் தெருவில் நாலு வீடு உரிமை கொண்டாடும். வேம்பு முழுப்பெயர். சிவகாமி முதல் எழுத்து. லூசி பாட்டின் எல்.எஸ்.டி.யும் அந்த ரகம்தான்.

அடுத்து, இது எந்த வகை மறைபொருள்? உள்ளுறை என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். தெய்வத்தை ஒழித்து மற்றக் கருப்பொருளை நிலைக்களமாகக் கொண்டே உள்ளுறை வரும் என்பது தொல்காப்பியம். இங்கே நிற்பதே தெய்வத்தின் பெயர், அதனால் உள்ளுறை ஆகாது. சிலேடை என்று வேண்டுமானால் சொல்லலாம். சிலேடை என்றால் காளமேகத்தைக் கேட்க வேண்டும். பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் சேர்த்து ஒரு வெண்பா பாடினால், வரும் அடை ஒவ்வொன்றும் பாம்புக்கும் பொருந்தும், பழத்துக்கும் பொருந்தும். ஒன்று தவறினாலும் சிலேடை நொண்டும். நம் பாட்டில் 'சேர்தல்' என்ற சொல்லைக் கட்சியில் சேர்வதாகக் கொள்ளலாம், சரி. மற்றதெல்லாம் காதல் பேச்சு. அந்த ஏக்கத்தை விருதுநகர்ப் பிரம்மச்சாரியின்மேல் ஏற்றிச் சொல்லப் பெருந்தலைவரிடம் மதிப்புள்ள யாருக்கும் கூச்சமாக இருக்கும்.

மூன்றாவது, தேதி. வியாபாரிக்குத் தேதி இல்லாத பில் செல்லாது. கண்ணதாசன் ஈ.வெ.கி.சம்பத்துடன் தி.மு.க.வை விட்டது 1961. சம்பத் தொடங்கிய தமிழ்த் தேசியக் கட்சி காங்கிரசில் இணைந்தது 1964. கவிஞரும் கூடவே காங்கிரஸ்காரர் ஆனார். 'பட்டணத்தில் பூதம்' 1967. உள்ளே வந்து மூன்று வருஷம் ஆனவர் உள்ளே வரட்டுமா என்று எதற்குத் தூது விட வேண்டும்? இதைக் கேட்டால், "இல்லை இல்லை, நடுவிலே ஒரு மனத்தாங்கல், அதற்காக எழுதினது" என்று கதையை மாற்றுவார்கள். ஏட்டுச்சுவடியில் ஒரே இடத்துக்கு நாலு பாடம் இருந்தால் பதிப்பாசிரியர் கண்ணை இடுக்கிப் பார்ப்பார். நாமும் பார்க்கணும்.

இதைச் சொன்னால், திரைப்பாட்டில் அரசியலே கிடையாதா என்று சிலர் கோபிப்பார்கள். தாராளமாக உண்டு. 1966-ல் வந்த 'அன்பே வா' படத்துக்கு வாலி ஒரு பாட்டு எழுதினார். சிம்லாவில் எம்.ஜி.ஆர். துள்ளிக்கொண்டு பாடுவது. அதில் உதயசூரியன் என்று எழுதியிருந்ததைத் தணிக்கையில் ஏற்கவில்லை. 'உதய' போய் 'புதிய' வந்தது. உதயசூரியன் தி.மு.க.வின் தேர்தல் சின்னம். பாடுகிறவர் அக்கட்சியின் நட்சத்திரம். அடுத்த ஆண்டு தேர்தல். இதுதான் வேம்பு! தணிக்கை அதிகாரி நச்சினார்க்கினியரைப் படித்திருக்க மாட்டார், ஆனால் அவர் செய்ததும் அதே வேலை.

நடுவில் நிற்பது ஒன்று உண்டு. 1962-ல் வந்த 'படித்தால் மட்டும் போதுமா' படத்தில், அண்ணன் வழிகாட்டிய லட்சணத்தைச் சொல்லித் தம்பி புலம்பும் கண்ணதாசன் பாட்டு. அண்ணாதுரையை மனத்தில் வைத்து எழுதியது என்பார்கள். இங்கே தேதி பொருந்துகிறது, கவிஞர் கட்சியை விட்ட மறு வருஷம். அண்ணன், தம்பி என்பது வெறும் உறவுப்பெயராக அன்றைக்கு இல்லை. 'தம்பிக்கு' என்று விளித்து அண்ணா எழுதிய கடிதங்களை ஊரே படித்தது. கட்சியை விட்ட கசப்பைக் கவிஞரே 'வனவாசம்' நூலில் மறைக்காமல் எழுதிவிட்டார். ஆனாலும் படத்திலேயே பாலாஜி அண்ணன், சிவாஜி தம்பி, அண்ணன் வஞ்சிக்கிறான். கதைக்கே அந்தச் சொல் தேவைப்படுகிறது. ஆகவே கூடும் என்று சொல்லலாம், அதற்கு மேல் போகக்கூடாது. ஒருவகையில் உண்டு, ஒருவகையில் இல்லை என்று பேசும் எங்கள் சியாத்வாதத்துக்கு இது வசதியான இடம்.

எங்கள் என்றேன். நாங்கள் தமிழ்ச் சமணர், நயினார் என்று அழைக்கப்படுபவர்கள். ஒரு சினிமாப் பாட்டுக்கு இவ்வளவு கெடுபிடியா என்று நினைப்பவர்களுக்குக் காரணம் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுச் சொத்தே இந்த அளவுகோலில்தான் நிற்கிறது. திருக்குறள் ஆசிரியர் சமணர் என்பது எங்கள் மரபு. நீலகேசிக்கு உரை எழுதிய சமயதிவாகர வாமன முனிவர் குறளை எம் ஓத்து என்று உரிமையோடு சொல்கிறார். பேராசிரியர் அ.சக்கரவர்த்தி நயினார் 1953-ல் குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து இதை விரித்து வாதாடினார். 'ஆதிபகவன்' என்ற ஒரு சொல்லைக் காட்டி விருஷபதேவர்தான் என்று அடித்துச் சொல்பவர்கள் எங்களில் உண்டு. அவர்களிடம் நான் சண்டை பிடிப்பேன். அந்தச் சொல்லை மற்றச் சமயத்தாரும் தங்கள் கடவுளுக்குச் சொல்லலாம். முதல் எழுத்து மட்டும் வெட்டிய குடம் அது. ஆனால் மலரின்மேல் நடந்தவன் என்ற கருத்து வேறு. சிலப்பதிகாரத்தில் சமணத் துறவியான கவுந்தியடிகள் அருகனைப் போற்றும்போது இதே அடைமொழியைச் சொல்கிறார். சமணர் வாயில் சமணக் கடவுளுக்கு வழங்கிய அடையாளம் என்று வேறொரு நூல் சாட்சி கூறுகிறது. இதற்கு எடை அதிகம்.

பரிமேலழகர் எங்கள் கட்சிக்காரர் இல்லை. 'எண்குணத்தான்' என்பதற்குச் சைவ ஆகமப்படி எட்டுக் குணத்தை எண்ணுகிறார். எண்ணிவிட்டு, எல்லையற்ற அறிவை முதலாக வைத்து எட்டை எண்ணுவாரும் உளர் என்று எழுதி வைக்கிறார். அது எங்கள் கணக்கு. ஒப்பாத உரையையும் மறைக்காமல் இரண்டு வரியில் பதிந்த அந்த நேர்மையால்தான் இன்றைக்கு நான் வழக்காட முடிகிறது. சிவகாமிக்கு ஒரு நியாயம், ஆதிபகவனுக்கு ஒரு நியாயம் என்று நான் வைத்துக்கொண்டால் அடுத்த முறை என் பேச்சு எடுபடாது.

இன்னொன்று. மறைபொருள் என்று நாம் மலைப்பதில் பாதி, சொல் தெரியாத குறை. உ.வே.சாமிநாதையர் சீவகசிந்தாமணியைக் கையில் எடுத்தபோது அதன் சமயச் சொற்கள் அவருக்கு விளங்கவில்லை. கும்பகோணத்தில் சமணர் வீட்டுக்குப் போய்ச் சந்திரநாத செட்டியாரைக் கேட்டார். அங்கே அது தினசரிப் பேச்சு. கேட்டுக் கேட்டு எழுதி 1887-ல் பதிப்பித்தார். ஊகம் செய்து நிரப்பியிருந்தால் சிந்தாமணி கெட்டிருக்கும். ராக் பாட்டும் அப்படித்தான். அந்த ஊர்க் கொச்சை, அந்தக் காலத்துச் செய்தித்தாள், கார் பெயர், மதுவின் பெயர் இவை தெரிந்தவருக்குப் பாதிப் புதிர் தானே அவிழும். பிள்ளைகள் சாத்தானைத் தேடுவதற்கு முன் அகராதியைத் தேடட்டும்.

காமராசர் கதையால் அந்தப் பாட்டுக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். கேட்பவர் காது முதல் வரியிலேயே நின்றுவிடுகிறது, அதுதான் நஷ்டம். தெய்வத்தின் பெயரை வைத்தே காதலனைச் சுட்டி, அவன் பெயரைச் சொல்லாமல் ஒளிக்கிறாள் அந்தப் பெண். தோழியைத் தூது அனுப்பும் பழைய அகமரபு, பூதம் வந்து வித்தை காட்டும் ஒரு கேலிப்படத்துக்குள் ஜெய்சங்கருக்கும் கே.ஆர்.விஜயாவுக்கும் நடுவே வந்து உட்கார்ந்திருக்கிறது. இதுதான் வியப்பு. இதைச் சொல்ல எந்தக் கட்சியும் வேண்டாம்.

கச்சேரியில் கதை சொல்லிக் கைதட்டு வாங்கிய அறிவிப்பாளர், அந்தப் பாட்டுக்கு மெட்டுப் போட்டவர் பெயரைச் சொல்லி நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. இசையமைத்தவர் ஆர்.கோவர்த்தனம். ஏ.வி.எம். படங்களுக்கு இசை தந்த ஆர்.சுதர்சனத்தின் தம்பி. அடுத்த ஆண்டுவிழாவில் பாடப்போகிறவர்கள் அந்தப் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.