பம்பை, மருந்து, மனசு

செஞ்சிக்கு வடக்கே மேல்மலையனூரில் அமாவாசைதோறும் நள்ளிரவில் அங்காளம்மனுக்கு ஊஞ்சல் உற்சவம். பிரம்மனின் கபாலம் கையில் ஒட்டிக்கொள்ள, பித்தனாய் அலைந்த சிவனை அம்மன் தெளியவைத்தது இங்கேதான் என்கிறது தலபுராணம். கடவுளுக்கே பித்துத் தெளிந்த ஊர். மனம் கலங்கியவர்களைக் குடும்பங்கள் நம்பி அழைத்துவருவதில் வியப்பில்லை.

இந்த வட்டாரத்துப் பேயோட்டும் முறை ஒரு விசாரணைதான். பம்பை மேளம் அடிப்பவர் பாடிப்பாடிக் கேட்பார்: ‘யாரு நீ? எந்த ஊரு? எங்க புடிச்ச?’ பேய் பிடித்து ஆடுகிறவள் வாயால் அந்தப் பேய் தன் பெயரைச் சொல்லும். போய்விடுவதாகச் சத்தியம் செய்யும். அவள் தலைமுடிக் கற்றை ஒன்றைப் புளியமரத்தில் ஆணி வைத்து அடிப்பார்கள்.

1990களின் தொடக்கத்தில் செஞ்சிப் பகுதியில் ஆய்வு செய்த மானிடவியலாளர் இசபெல் நபோகோவ், பிடிக்கப்படுவோரில் புதிதாக மணமான பெண்களே மிகுதி என்று கண்டார். பிடிப்பதோ ஆசை தீராமல் செத்த இளைஞனின் பேய். பேய் போனதும் பெண் கணவன் வீடு திரும்புகிறாள். ஆனால் அவளுக்கு அந்த வீடு பிடித்திருந்ததா என்று யாரும் கேட்பதில்லை. குணமானது அவளா, குடும்பத்தின் கவலையா?

உளவியல் ஆலோசனை அறைக்கும் இதே கேள்வி உண்டு. மதத்தை ஃபிராய்டு 1927இல் மாயை என்று ஒதுக்கினார். சிகிச்சை தருபவரின் சொந்த மதிப்பீடுகள் சிகிச்சைக்குள் நுழையாமல் இருப்பதில்லை, அவற்றை ஒளிக்காமல் பேச வேண்டும் என்று உளவியலாளர் ஆலன் பெர்ஜின் 1980இல் எழுதினார். வறட்டு மதப்பிடிப்பே மனநோய்க்கு உரம் என்று இன்னொரு உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ் எதிர்த்தார். பெர்ஜின் சொன்னதே சரி. கணவன் வீட்டுக்கு அனுப்புவதே குணம் என்று நினைக்கும் ஆலோசகரும் பம்பை இல்லாத பூசாரிதான்.

அதற்காகக் கோயிலை ஒதுக்கிவிடவும் முடியாது. வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் மனநோயுடன் தங்கிய 31 பேரை மனநல மருத்துவர் ரகுராம் குழுவினர் ஆராய்ந்து 2002இல் வெளியிட்டனர். மருந்து இல்லாமல், சராசரி ஆறு வாரத்தில், நோய்க்குறி மதிப்பெண் கிட்டத்தட்ட 20 விழுக்காடு குறைந்திருந்தது. அடியில்லை, மிரட்டல் இல்லை. ஆதரவான சூழல் மட்டுமே. ஏர்வாடி தர்காவை ஒட்டிய மனநோயாளர் காப்பகத்திலோ 2001 ஆகஸ்ட் 6 தீ விபத்தில் சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டார்கள். இரண்டு இடத்திலும் நம்பிக்கை இருந்தது. சங்கிலி உயிரைப் பறித்தது ஓரிடத்தில்தான்.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடைசெய்கிறது. ஊரின் மத நம்பிக்கைக்கோ ஒழுக்க மதிப்பீட்டுக்கோ ஒத்துப்போகாததை வைத்து ஒருவருக்கு மனநோய் என்று முடிவுகட்டவும் கூடாது என்கிறது.

அமாவாசைக்கு அழைத்துவாருங்கள், விபூதி பூசுங்கள். மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அம்மனிடம் வேண்டுவதற்கு முன், அழைத்துவந்த பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று அவளிடமே ஒருமுறை கேளுங்கள்.