தலைக்கு மேல் ஒரு கண்

பெரியநாயக்கன்பாளையத்தில் உங்களுக்கு ஒரு ஓட்டு வீடு. மேலே ட்ரோன் பறக்கிறது. ‘யார் வீட்டுக் கல்யாணமோ!’ என்று அண்ணாந்து பார்த்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவீர்கள், இல்லையா?

அமெரிக்காவில் அப்படிப் போக முடியாது. அங்கே இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் ட்ரோனிலும் விமானத்திலும் கூரையைப் படம் பிடிக்கின்றன. பாசி, சாய்ந்த மரக்கிளை என்று ஏதாவது கண்ணில் பட்டால், ‘பாலிசியைப் புதுப்பிக்க மாட்டோம்’ என்று கடிதம் வந்துவிடும்.

நமக்கும் இது ரொம்ப தூரமில்லை. பயிர்க் காப்பீட்டில் விளைச்சலைக் கணிக்க, 100 மாவட்டங்களில் ட்ரோன் பறக்கவிட 2021-லேயே மத்திய அரசு அனுமதி கொடுத்தாச்சு. 2024-ல் சொத்து வரிக்காகக் கோவை மாநகராட்சியில் ட்ரோன் வைத்து வீடுகளை அளந்தபோது எதிர்ப்பு கிளம்பியது ஞாபகம் இருக்கும்.

காமர்ஸ் படித்தவன் என்பதால் கம்பெனி கணக்கும் எனக்குப் புரிகிறது. வீட்டுக்கு வீடு ஆள் அனுப்பி ஏணி போட்டால் கட்டுப்படியாகாது. சரி. ஆனால், ஓட்டில் கறுப்பாகத் தெரிவது பாசியா, வேப்பமர நிழலா? படம் எடுத்த பிறகு ஓடு மாற்றியிருந்தால்? வீட்டுக்காரரைக் கேட்டால்தானே தெரியும்!

படம் எடுங்கள். எடுத்த தேதியைப் போட்டு எங்களுக்கும் ஒரு காப்பி கொடுங்கள். பதில் சொல்ல அவகாசம் கொடுங்கள். அப்புறம் முடிவு பண்ணுங்கள். வீடு பார்க்க வருகிறவர் முதலில் கதவைத் தட்டுவதுதானே முறை?