காஞ்சியிலிருந்து கியோட்டோவுக்கு: ஒரு ரயில் திட்டத்தில் எத்தனை ஊர்?

டூர் பேக்கேஜை விட்டுவிட்டு, தாங்களே ரயில் வழி போட்டுக்கொண்டு முதல் வெளிநாட்டுப் பயணம் கிளம்புவது காஞ்சிபுரம் போன்ற ஊர்களின் குடும்பங்களிலும் பழக்கமாகி வருகிறது. வேலைக்குப் போகும் பிள்ளைகள் எக்ஸெல் தாளில் நாள், ஊர், ரயில், ஓட்டல் என்று கட்டம் போட்டு அப்பா அம்மாவிடம் காட்டுகிறார்கள். ஜப்பான் என்றால் அந்தத் தாள் ஏறக்குறைய இப்படி இருக்கும்: டோக்கியோ, ஹகோனே, கனசவா, கியோட்டோ, நாரா, ஒசாகா, ஹிரோஷிமா, மறுபடியும் டோக்கியோ. எல்லாம் பத்தே நாளில். தானே திட்டமிடும் பழக்கத்தை நான் மனதார வரவேற்கிறேன். அந்தப் பட்டியலைத்தான் ஏற்க முடியவில்லை.

ரயிலேறிக் கடல் தாண்டுவது தமிழருக்குப் புதிதல்ல. 1914-இல் பாம்பன் பாலம் திறந்தபின், எழும்பூரில் ஏறியவர் தனுஷ்கோடி வரை ரயிலிலும், தலைமன்னாருக்குக் கப்பலிலும், அங்கிருந்து கொழும்புக்கு மறுபடி ரயிலிலும் போனார். செங்கற்பட்டு வழியாகப் போன அந்த போட் மெயிலுக்குக் கொழும்பு வரை ஒரே டிக்கெட். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிய, அந்த வழியும் அழிந்தது. அதே ஆண்டு அக்டோபர் 1 அன்றுதான் டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே 515 கிலோமீட்டர் தூரத்துக்கு ஷின்கான்சென் அதிவேக ரயில் ஓடத் தொடங்கியது. போட் மெயில் பயணிக்கு இருந்தது ஒரே வழி, யோசிக்க எதுவுமில்லை. இன்று வழிகள் பெருகிவிட்டன. எதை விடுவது என்பதே திட்டம் போடுபவரின் வேலையாகிவிட்டது.

ரயில் திட்டத்தின் நன்மைகள் சிறியவை அல்ல. ரயில் ஊரின் நடுவில் இறக்கிவிடுகிறது. விமான நிலையத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் போய் உட்கார வேண்டியதில்லை. விமானம் என்றாலே மிரளும் பெற்றோர்கூட ரயிலில் இயல்பாகிவிடுவார்கள். எல்லாவற்றையும்விட, அம்மாவுக்குக் கால் வலித்தால் அன்றைய மதியத்தை ரத்து செய்ய யாரையும் கேட்க வேண்டாம். பேக்கேஜ் பேருந்தில் அந்த உரிமை கிடையாது. தானே வழி போட்டவருக்கு அந்த நாட்டின் வரைபடமும் மனதில் பதிந்துவிடுகிறது.

குறை எங்கே தொடங்குகிறது? தாளில் டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு இரண்டே கால் மணி நேரம் என்று எழுதியிருக்கும். ரயிலுக்கு அது சரி. குடும்பத்துக்கு அது ஒரு பகல். காலை பத்து, பதினொன்றுக்கு அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். அடுத்த ஊரில் மாலை மூன்று மணிக்குத்தான் அறை தருவார்கள். இடையில் பெட்டிகளை வைக்க லாக்கர் தேட வேண்டும், சைவச் சாப்பாடு தேட வேண்டும். 2020 மே மாதத்திலிருந்து, நீள அகல உயரம் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிக்கு இந்த ஷின்கான்சென்னில் அதற்கென்று உள்ள இருக்கையை முன்பதிவு செய்தாக வேண்டும். நம் குடும்பங்கள் கொண்டுபோகும் பெரிய பெட்டிகளில் பல இந்த அளவைத் தாண்டும். கியோட்டோவில் மூன்றரை மணிக்கு வெளியே கிளம்பினால், பெரும்பாலான கோயில்கள் ஐந்து மணிக்குள் மூடிவிடும்.

இதைக் காஞ்சிக்காரருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வெளியூர்க்காரர் பலர் இதையே நம் ஊரில் செய்வதைப் பார்த்தவர்கள் நாம். சென்னையிலிருந்து காரில் பத்தரைக்கு வருவார்கள். காமாட்சியம்மன் கோயில் முடித்து ஏகாம்பரநாதர் போவதற்குள் நடை சாத்திவிடுவார்கள். பிறகு பட்டுக்கடை; அங்கிருந்து மாமல்லபுரம். பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தம் கேட்காமல், சாயங்கால தீபாராதனை பார்க்காமல் காஞ்சியைப் பார்த்துவிட்டதாகச் சொல்லிப் போகிறார்கள். அது நமக்கு வருத்தம் தருகிறது. அப்படியிருக்க, கியோட்டோவுக்கு நாம் ஏன் ஒன்றரை நாள் ஒதுக்குகிறோம்?

காரணங்களில் ஒன்று நம் ரயில்கள் ஊட்டிய பயம் என்று நினைக்கிறேன். இங்கே முன்பதிவு திறக்கும் காலையிலேயே வெயிட்டிங் லிஸ்ட் வந்துவிடும். 2024 நவம்பர் வரை 120 நாள், இப்போது 60 நாள் முன்னதாகவே பயணத்தை நிச்சயித்துப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்தோடு ஜப்பான் திட்டத்திலும் ஒவ்வொரு மணியையும் பூட்டி வைக்கிறோம். டோக்கியோவிலிருந்து கியோட்டோ வழியாகப் போகும் நொசோமி என்ற ஷின்கான்சென் ரயில்களோ நெரிசல் நேரத்தில் மணிக்குப் பன்னிரண்டு வரை ஓடுகின்றன. சாதாரண நாளில் நிலையத்துக்குப் போய் அடுத்த ரயிலில் ஏறிவிடலாம்.

இன்னொன்று ரயில் பாஸ். வாங்கிவிட்டோம், ஓடித் தீர்க்க வேண்டும் என்று மனம் சொல்லும். 2023 அக்டோபரில் ஜப்பானின் ஏழு நாள் சாதாரண பாஸ் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்தது. அதற்கு முன் டோக்கியோவிலிருந்து கியோட்டோ போய்த் திரும்பினாலே ஏறக்குறைய பணம் தேறிவிடும். இப்போது ஒருவழிக்குச் சுமார் 14,000 யென் என்றால், அதுபோல் நான்கு பயணம் போனால்தான் கட்டுப்படியாகும். நொசோமியில் ஏற அதற்கு மேலும் கட்டணம் உண்டு. பழைய கணக்கை நம்பிப் பாஸ் வாங்குபவர், அதை ஈடுகட்டவே ஹிரோஷிமாவைப் பட்டியலில் சேர்க்கிறார்.

ஐரோப்பாவில் கணக்கு வேறு. பிரான்சின் டிஜிவி ரயில்களில் பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனியே பணம் கட்டிப் பதிய வேண்டும். அங்கே முன்பதிவு அவசியம். ஜெர்மனியில் 2024-இல் நெடுந்தூர ரயில்களில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன. அதுவும் ஆறு நிமிடத்துக்குக் குறைந்த தாமதத்தைத் தாமதமாகவே கொள்ளாத கணக்கில். பத்து நிமிட இடைவெளியில் ரயில் மாறும் திட்டம் அங்கே நிலைக்காது.

“மறுபடி எப்போது போகப்போகிறோம்?” என்ற கேள்வியை நான் தள்ளிவிடவில்லை. பல வருடச் சேமிப்பில் ஒருமுறை போகும் குடும்பத்துக்கு ஒவ்வொரு ஊரும் விலைமதிப்புள்ளது. இருபத்தைந்து வயதில் முதுகுப் பையோடு போகிறவர் ஐந்து ஊர் போகட்டும். அறுபத்தைந்து வயதுப் பெற்றோரோடு போகும்போது ஏழு முறை பெட்டி கட்டுவது அவர்களிடமிருந்தே பயணத்தைப் பறித்துவிடும். ஏழாம் நூற்றாண்டில் சீனத் துறவி யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்தபோது இலங்கைக்குக் கடல் கடக்கும் எண்ணத்தோடுதான் வந்தார். அங்கிருந்து வந்த துறவிகள் அரசன் இறந்ததையும் பஞ்சத்தையும் சொன்னதும் இலங்கையை விட்டுவிட்டார். அவ்வளவு தூரம் வந்தபின் ஓரிடத்தை விட்டுவிடும் துணிவு அவருக்கு இருந்தது.

நெசவுக் குடும்பத்துக்கு இன்னொரு முன்னுதாரணம் கியோட்டோவிலேயே உண்டு. 1872-இல் நிஷிஜின் நெசவுப் பகுதியிலிருந்து மூன்று பேரை ஜக்கார்டு தறி கற்க பிரான்சின் லியோனுக்கு அனுப்பினார்கள். அவர்கள் ஊர் ஊராகச் சுற்றவில்லை. லியோனில் தங்கித் தொழில் கற்றார்கள். அதே ஜக்கார்டு பெட்டி இன்று காஞ்சித் தறிகளின் மேலும் இருக்கிறது. நிஷிஜினில் தங்க இலை ஒட்டிய தாளை நூலாக நறுக்கி இடைக்கச்சையில் நெய்கிறார்கள். நம் ஜரிகையோ பட்டு நூல் மேல் வெள்ளி சுற்றித் தங்க முலாம் பூசியது. இந்த வித்தியாசத்தைப் பார்த்து, கேட்டு, கையால் தொட்டு அறிய ஒரு முழு நாளாவது வேண்டும். பட்டியலில் அந்த நாள் இல்லை.

நான் போட்டால் இப்படிப் போடுவேன். ஒசாகாவின் கன்சாய் விமான நிலையத்தில் இறங்கி, ரயிலில் ஒன்றேகால் மணி நேரத்தில் கியோட்டோ. அங்கே ஐந்து இரவு. நாராவும் ஹிமேஜியும் அங்கிருந்தே காலையில் போய் மாலையில் திரும்பும் தூரம். பெட்டி அறையிலேயே இருக்கும். பிறகு ஒரே ஒருமுறை ஷின்கான்சென், டோக்கியோவில் நான்கு இரவு, அங்கிருந்தே விமானம். பாஸ் தேவையில்லை.

மாதத்தையும் பார்க்க வேண்டும். நம் பள்ளிகளின் கோடை விடுமுறை தொடங்கும் ஏப்ரல் கடைசியில் ஜப்பானியருக்கும் கோல்டன் வீக் விடுமுறை. அப்போது நொசோமியில் எல்லாப் பெட்டிகளும் முன்பதிவுப் பெட்டிகளே. நான் மேலே சொன்ன தாராளம் அந்த வாரத்துக்குப் பொருந்தாது. மே பத்துக்கு மேல் போகலாம். காலாண்டு விடுமுறையில் போவதென்றால் புயல் காலம். புயல் வருகிறதென்றால் ரயில்களை நிறுத்தப்போவதாக ஜப்பானில் முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். ஆகவே கடைசி இரண்டு இரவாவது விமானம் ஏறும் ஊரிலேயே தங்கிவிட வேண்டும்.