கூத்துக் கல்வியும் பல்கலைக்கழகப் பட்டமும்: காஞ்சிபுரம் கட்டைக்கூத்துக் குருகுலத்தை முன்வைத்து

திறவுச்சொற்கள்: கட்டைக்கூத்து, தெருக்கூத்து, நாடகக் கல்வி, குருகுலம், இசைநாடகம், வேடம்

பாட்டு, நடிப்பு, ஆட்டம் ஆகிய மூன்றிலும் தேர்ந்த கலைஞரை உருவாக்குவதற்குப் பிரித்தானிய, அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல இசைநாடகத்திற்கெனத் தனிப் பட்டப்படிப்பை நடத்துகின்றன. பட்டம் பெற்றவர் தொழில்முறை அரங்கில் சேர்வார் என்பது அப்படிப்பின் அடிப்படை எதிர்பார்ப்பு. தமிழகத்தில் இம்மூன்று திறனையும் ஒருங்கே வேண்டுவதும், இன்றும் பலருக்கு வாழ்வாதாரமாக இருப்பதுமான அரங்கு வடமாவட்டங்களின் கூத்தாகும். ஆயினும் பல்கலைக்கழக நாடகக் கல்வி கூத்துத் தொழிலுக்கு ஆளை அனுப்புவதில்லை. கூத்திலிருந்து கற்றுக்கொள்வதோடு நின்றுவிடுகிறது. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் 2020 வரை இயங்கிய கட்டைக்கூத்துக் குருகுலம் இந்த இடைவெளியை மறுதிசையிலிருந்து கடக்க முயன்றது. பள்ளிக்குள் கூத்தைப் புகுத்தாமல், கூத்துக்குள் பள்ளியை அமைத்தது. அம்முயற்சி பல்கலைக்கழக நாடகக் கல்வியின்முன் வைக்கும் வினா இன்னும் உரியவாறு எதிர்கொள்ளப்படவில்லை.

முன்னோடி அமைப்புகள்

நடிப்புத் தொழிலுக்கு ஆயத்தம் செய்யும் அமைப்பு தமிழுக்குப் புதிதன்று. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை அத்தகையதே. பாலர் கம்பெனிகளில் சிறுவர்கள் குழுவோடு தங்கி, பாடலையும் வசனத்தையும் மனனம் செய்து, மேடையிலேயே தேர்வு பெற்றனர். அவர்கள் இழந்தது பள்ளிப்படிப்பை. குரல் உடையும் பருவத்தில் அந்த இழப்பு முழுவதுமாகத் தெரியவந்தது.

பல்கலைக்கழகம் இத்துறைக்குள் வந்த வழி வேறு. 1977இல் எஸ். இராமானுஜம் காந்திகிராமத்தில் நடத்திய பயிற்சிப் பட்டறை, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் நாடகத் துறை, இந்திரா பார்த்தசாரதி பொறுப்பேற்றுத் தொடங்கிய புதுவைப் பல்கலைக்கழகச் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளி என இவ்வரிசை நவீன நாடக உணர்வில் வேர்கொண்டது. பாட்டால் அரங்கை நடத்தியவரின் பெயரைத் தாங்கிய பள்ளியும் இயக்குநரை மையமாகக் கொண்ட நாடக மரபையே சார்ந்து வளர்ந்தது என்பது கவனிக்கத்தக்க முரண். அம்மரபில் பாட்டு தயாரிப்பின் ஒரு கூறு. கூத்திலோ அது நடிகரின் பிழைப்பு.

பெயரும் மதிப்பும்

கூத்தைப் பற்றிய கல்விப்புல ஆய்வும் நெடுங்காலம் பயிற்சியைக் கருதவில்லை. திரௌபதி வழிபாட்டை ஆராய்ந்த ஆல்ஃப் ஹில்டபைடல் (1988), தெருக்கூத்தைப் பாரத அரங்காக விளக்கிய ரிச்சர்டு பிராஸ்கா (1990) ஆகியோரின் நூல்களில் சடங்குப் பொருண்மையே முதன்மை பெறுகிறது. ஹன்னே டி புருயினின் நூல் (1999) கூத்தைத் தொழிலாகவும், சூழலுக்கேற்ப நெகிழும் அரங்காகவும் கண்டது. தெருக்கூத்து என்ற பெயரில் தாழ்வுக்குறிப்பு உள்ளது எனக் கொண்டு, தோளிலும் மார்பிலும் தலையிலும் அணியும் மரஅணிகளால் அமைந்த கட்டைக்கூத்து என்ற பெயரை அவர் முன்வைத்தார். இப்பெயர்மாற்றம் ஆய்வாளர் அனைவருக்கும் உடன்பாடன்று. புரிசைக் கலைஞர்கள் தெருக்கூத்து என்றே மதிப்புடன் வழங்கிவருகின்றனர். எனினும் பெயர் குறித்த விவாதம் சொல்லாராய்ச்சியாக மட்டும் முடிந்துவிடுவது குறையே. கலைஞரைத் தொழிலாளராகக் கருதினால் அவருக்குரிய கல்வி எது என்ற கேள்வி அடுத்து எழவேண்டும். 1990இல் கலைஞர்கள் கூடி அமைத்த கட்டைக்கூத்துச் சங்கம் அக்கேள்வியை எழுப்பியது.

வேடமே பாடம்

சங்கத்தை முன்னின்று நடத்திய பெருங்கட்டூர் பொ. இராஜகோபால் இளவயதிலேயே பள்ளியை விட்டுக் கூத்துக்கு வந்தவர். குருகுலத்தில் முறைசார் கல்வியும் கூத்துப் பயிற்சியும் இணைக்கப்பட்டதன் பின்னணியில் இவ்வனுபவத்திற்கு இடமுண்டு. காஞ்சிபுரம் வட்டாரத்தில் பிள்ளைகள் படிப்பை விடுவது கூத்துக்காக மட்டும் நிகழ்ந்ததன்று. பட்டுச்சேலையின் கரையையும் உடலையும் இணைக்கும் கோர்வை நெசவுக்குத் தறியில் மற்றோர் ஆள் தேவை. அவ்விடத்தில் பெரும்பாலும் சிறுவரே அமர்ந்தனர். இரு தொழில்களிலும் அருகிருந்து கற்பதே முறை. இரண்டிலும் கல்வியும் உழைப்பும் பிரித்தறிய முடியாதபடி கலந்திருந்தன. குருகுலம் இவற்றுள் ஒன்றிலேனும் கற்றலை உழைப்பிலிருந்து பிரித்துக் காட்டியது.

பல்கலைக்கழகப் பாடத்திட்டம் குரல், உடல், தாளம், ஒப்பனை என்று தாள்தாளாகப் பிரிக்கும். கூத்தில் கற்பிக்கும் அலகு வேடம். அர்ச்சுனன் தபசை எண்ணிப் பார்க்கலாம். வேடம் ஏற்றவர் உயர்ந்த தபசு மரத்தில் பாடியபடியே ஏறுகிறார். கீழே பிள்ளைவரம் வேண்டும் பெண்கள் அவர் மேலிருந்து எறியும் எலுமிச்சைக்கும் பூவுக்கும் காத்திருக்கின்றனர். மூச்சு, கால்பிடி, விருத்தம், சடங்கு நம்பிக்கை ஆகிய நான்கும் அங்கே ஒரே செயல். இதைக் குரல் தாளுக்கு இத்தனை, உடல் தாளுக்கு இத்தனை என மதிப்பிட முயல்பவர் எதை மதிப்பிடுவார்? கர்ண மோட்சத்திலும் இதே நிலைதான். பொன்னுருவியோடு தருவில் வாதிட்ட கர்ணன், விடியலுக்குமுன் கனத்த கிரீடத்துடன் சுழன்றாடிப் போர்புரிய வேண்டும். முகவீணையும் ஆர்மோனியமும் மத்தளமும் பின்பாட்டும் சூழ, இரவு முழுவதும் உச்சத்தில் ஒலிக்கும் குரலை எந்தச் செய்முறைத் தேர்வும் அறிய இயலாது.

கர்நாடக இசையின் இராகப் பெயர்கள் கூத்திலும் வழங்குகின்றன. பாடும் முறை வேறு. நாயனாப் பிள்ளை வாழ்ந்த காஞ்சிபுரத்தில் இசைக்கல்வி என்றால் நகரத்துக் கோயிலையும் சபையையும் சார்ந்ததே நினைவுக்கு வரும். சுற்றுக் கிராமங்களின் கூத்திசை அந்த நினைவில் இடம்பெறுவதில்லை. டி.எம். கிருஷ்ணா, சங்கீதா சிவகுமார் ஆகியோர் சங்கத்துடன் இணைந்து நிகழ்த்திய கர்நாடிக் கட்டைக்கூத்து இரு பாடல் முறைகளையும் ஒரே மேடையில் நிறுத்தியது. அது பாடத்திட்டம் எதையும் மாற்றவில்லை. இரண்டும் இணையாக நிற்கக்கூடியவை என்பதை மட்டும் செவிக்கு உணர்த்தியது.

பருவத் தேர்வும் கூத்துப் பருவமும்

பல்கலைக்கழகம் கூத்தைப் பாடமாக ஏற்றாலும் ஒரு நடைமுறைத் தடை எஞ்சும். பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து உச்சத்தில் இருக்கும். பருவத் தேர்வுகளும் கோடை விடுமுறையும் ஏறத்தாழ அப்போதுதான் வருகின்றன. மாணவர் எந்த மாதங்களில் களத்தில் இருக்கவேண்டுமோ அந்த மாதங்களில் தேர்வுக்கூடத்தில் இருப்பார், அல்லது பல்கலைக்கழகத்தின் பார்வைக்கு வெளியே விடுமுறையில் இருப்பார். குழுவோடு கழிக்கும் ஒரு முழுக் கூத்துப் பருவத்தைக் கற்றலாகக் கணக்கிடாத பட்டம் கூத்தறிந்த ஆய்வாளரைத் தரலாம், கூத்தரைத் தராது.

பெண்கல்வியில் குருகுலத்தின் பங்களிப்பு தனித்துச் சொல்லத்தக்கது. ஆண்களே பெண்வேடமும் ஏற்றுவந்த அரங்கில் சிறுமியர்க்கு முழுப் பயிற்சி அளித்து, ஆண்வேடங்களையும் அவர்களிடம் ஒப்படைத்தது. பல்கலைக்கழகத்திலும் பெண்கள் நாடகம் பயில்கின்றனர். அவர்கள் செல்வது பெரும்பாலும் நவீன அரங்குக்கே. ஊர்க்கூத்தின் இரவுமேடையைப் பெண்ணுக்குத் திறந்த பெருமை குருகுலத்துடையது. ஆனால் பயிற்சி முடிந்தபின் திருமணம், இரவுப் பயணம், ஆண்களே நிறைந்த குழு ஆகியவற்றை அப்பெண் தனியாகவே எதிர்கொள்ள வேண்டியிருந்தது. பயிற்சி நிறுவனம் தொழிற்சூழலையும் மாற்றாதவரை இச்சிக்கல் தீராது.

குருகுலத்தைக் குறையற்ற மாதிரியாகக் கொள்வதும் பொருந்தாது. ஓர் ஆசிரியரின் பாணியையும் பனுவல்களையும் பெரிதும் சார்ந்திருந்ததால், வட்டாரத்தின் பிற பாணிகளுக்கு அங்குக் கிடைத்த இடம் சிறிது. கூத்தை நடத்தும் ஊர் குழுவுக்குக் கூலி கொடுக்கும். குழுவை உருவாக்கும் பள்ளிக்குக் கொடுக்காது. 18 ஆண்டுகள் நடந்த பள்ளி 2020இல் மூடப்பட்டபோது, அது உருவாக்கிய கற்பித்தல் முறையை ஏற்று நடத்த எந்தப் பல்கலைக்கழகத் துறையும் முன்வரவில்லை. அங்குப் பயின்றவர்களுள் சிலர் இன்று மேடையில் இருக்கின்றனர். வேடம் வேடமாக அவர்கள் கற்ற வரிசை, ஒவ்வொரு வேடத்திற்கும் ஆன காலம், பள்ளிப்பாடமும் இரவுக்கூத்தும் மோதிய நாட்கள் ஆகியவற்றை அவர்களிடமிருந்தே தொகுக்க இன்னும் வாய்ப்புள்ளது. நாடகத் துறைகள் தம் அடுத்த பாடத்திட்டக் குழுவில் அவர்களுக்கு உறுப்பினர் இடம் தருமா என்பது விடை காணப்படாத வினாவாகவே உள்ளது.