செல்பேசி வலையமைப்பும் வளாக வைஃபையும்: உயர்கல்வி இணைப்பில் மாணவர் அடையாளம் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

உயர்கல்விக்காகச் செல்பேசி வலையமைப்பையும் வளாக வைஃபையையும் ஒருங்கிணைப்பது பற்றிய விவாதங்கள் வேகம், பரப்பு, தடையற்ற மாற்றம் ஆகியவற்றையே அளவுகோல்களாகக் கொள்கின்றன. இணைப்பில் வருபவரை மாணவர் என்று அறிந்து ஏற்பது யார் என்ற வினா பின்னுக்குத் தள்ளப்படுகிறது. செல்பேசி நிறுவனத்தை மையமாகக் கொண்ட ஒருங்கிணைப்பு, இணைப்பைத் தொடரச் செய்தாலும் கல்வி உரிமையைத் தொடரச் செய்வதில்லை என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. எஜுரோம் அமைப்பு, அமெரிக்காவின் வடக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் முயற்சி, இந்திய உயர்கல்விச் சூழல் ஆகியவை இதற்குச் சான்றுகளாக அமைகின்றன.

திறவுச்சொற்கள்: வளாக வைஃபை, செல்பேசி வலையமைப்பு, எஜுரோம், மின்னிதழ் அணுக்கம், மாணவர் அடையாளம்

முன்னுரை

கல்லூரி வளாகத்துள் மாணவரின் கைபேசி வைஃபையில் இயங்குகிறது. வாயிலைக் கடந்ததும் செல்பேசிக் கோபுரத்தைப் பற்றிக்கொள்கிறது. இவ்விரு வலைகளையும் ஒன்றாக்க வேண்டும் என்னும் கருத்து புதிதன்று. இணையவழிக் கல்வி பாடத்திட்டத்தின் பகுதியாகிவிட்ட நிலையில் அது கூடுதல் முதன்மை பெறுகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, ஒரு பருவத்துக்குரிய பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் தளத்தின் வழியாகப் பயில இடமளிக்கிறது. எனவே வளாகத்துக்கு வெளியில் கிடைக்கும் இணைப்பு இன்று வகுப்பறையின் நீட்சியாகிறது. அந்த நீட்சியில் மாணவர் மாணவராகவே ஏற்கப்படுகிறாரா, வெறும் வாடிக்கையாளராக மாறிவிடுகிறாரா என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

இரு வலைகளின் இயல்பு

வைஃபையும் செல்பேசி வலையமைப்பும் தொழில்நுட்பத்தால் மட்டுமன்றிப் பொருளாதார அடிப்படையாலும் வேறுபடுபவை. வைஃபை உரிமம் தேவையற்ற அலைவரிசைகளில் இயங்குகிறது. அணுகுமுனைகளையும் கம்பி இணைப்பையும் நிறுவுவது கல்வி நிறுவனம். அதன் செலவும் நிறுவனத்துடையது. செல்பேசி வலையமைப்பு ஏலத்தில் பெற்ற அலைக்கற்றையில் இயங்குகிறது. அதில் செலவாகும் தரவுக்குப் பணம் செலுத்துபவர் மாணவர். நொடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் காணொலிப் பாடம் பார்த்தால் ஏறத்தாழ 450 மெகாபைட் தரவு செலவாகும். நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் திட்டத்தை வைத்திருக்கும் மாணவருக்கு மூன்று மணி நேரப் பாடத்துடன் அன்றைய ஒதுக்கீடு பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஆகவே ஒரு வலையிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது என்பது செலவை ஏற்பவர் மாறுவதுமாகும்.

பொறியியல் ஆய்வுகள் பெரிதும் கவனம் செலுத்துவது இம்மாற்றத்தைத் தடையின்றி நிகழ்த்துவதில்தான். அதில் அவை குறிப்பிடத்தக்க வெற்றியும் கண்டுள்ளன. ஒரே உரையாடலை இரு பாதைகளில் செலுத்தும் மல்டிபாத் டிசிபி நெறிமுறை 2013இல் வெளியிடப்பட்டது. அதே ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் அதைத் தன் சிரி சேவைக்குப் பயன்படுத்தத் தொடங்கியது. ஐந்தாம் தலைமுறைச் செல்பேசி நெறிமுறைகளின் 16ஆம் வெளியீடு, செல்பேசிப் பாதையையும் வைஃபை பாதையையும் ஒரே இணைப்பின் இரு கிளைகளாகக் கையாளும் முறையை வரையறுத்தது. பாதை மாறும்போது காணொலி அறுபடாமல் இருக்க வழி உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் அறுபடாத அந்தப் பாதை எந்த நிறுவனத்தின் வாயில் வழியாக இணையத்தை அடைகிறது என்பது தனியே கேட்கப்பட வேண்டிய வினா.

ஏற்பவர் யார்: இரு மாதிரிகள்

வைஃபையில் ஒருவரை ஏற்பதற்கு இரு மாதிரிகள் வளர்ந்துள்ளன. முதலாவது, கல்வி நிறுவனத்தை மையமாகக் கொண்டது. நெதர்லாந்தின் கல்வி வலையமைப்பான சர்ஃப்நெட்டைச் சேர்ந்த கிளாஸ் வீரெங்கா 2002இல் முன்மொழிந்த கருத்திலிருந்து எஜுரோம் உருவாயிற்று. இன்று 100க்கு மேற்பட்ட நாடுகளில் அது இயங்குகிறது. இந்தியாவில் எர்னெட் அதை நடத்துகிறது. ஒரு பல்கலைக்கழக மாணவர் வேறொரு பல்கலைக்கழகத்துக்குச் சென்று அங்குள்ள எஜுரோமில் இணையும்போது, அவருடைய பயனர்பெயரின் பின்பகுதியிலுள்ள நிறுவனப் பெயரைக் கொண்டு கோரிக்கை ரேடியஸ் வழங்கிகளின் வழியாகத் தாய் நிறுவனத்துக்குச் செல்கிறது. ஏற்பதா மறுப்பதா என்பதைத் தாய் நிறுவனமே முடிவு செய்கிறது. முறையாக அமைக்கப்பட்ட கருவியில் கடவுச்சொல் மறையாக்கத்துடன் செல்வதால் விருந்தளிக்கும் நிறுவனம் அதை அறிய இயலாது.

இரண்டாவது மாதிரி சிம் அட்டையை மையமாகக் கொண்டது. 2006இல் வெளியான இஏபி-சிம், இஏபி-ஏகேஏ ஆகிய நெறிமுறைகள், செல்பேசி வலையில் பயன்படும் அதே சிம் அட்டையைக் கொண்டு வைஃபையிலும் நுழைய வழிசெய்தன. இம்முறையில் மாணவர் பயனர்பெயரையோ கடவுச்சொல்லையோ உள்ளிட வேண்டியதில்லை. இந்த எளிமை மெய்யானது. அதைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. தனித்த வழங்கியைப் பராமரிக்கத் தொழில்நுட்பப் பணியாளர் இல்லாத கல்லூரிகளுக்கு இது ஈர்ப்புடையதும் ஆகும். ஆயினும் இங்கு ஏற்கப்படுவது ஒரு சந்தாதாரரே. அவர் எந்தக் கல்லூரியில் எந்தத் துறையில் பயில்கிறார், இவ்வாண்டும் மாணவராக நீடிக்கிறாரா என்பன செல்பேசி நிறுவனம் அறியாதவை. தந்தையின் பெயரில் பெற்ற சிம் அட்டையைப் பயன்படுத்தும் மாணவி இம்முறையில் மாணவியாகவே தோன்றுவதில்லை.

நூலகத்தின் வாயில்

இவ்வேறுபாட்டின் விளைவு மின்னிதழ் அணுக்கத்தில் தெளிவாகப் புலப்படுகிறது. நடுவண் அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம், 2025 முதல் மூன்றாண்டுகளுக்கு ரூ.6,000 கோடி ஒதுக்கீட்டில் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 மின்னிதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் ஆய்வு நிறுவனங்களுக்கும் வழங்குகிறது. இத்தகைய சந்தாக்களில் பதிப்பகங்கள் வாசகரை அறியும் பழைய வழி, நிறுவனத்தின் ஐபி முகவரி. வளாக வைஃபையிலிருந்து வரும் கோரிக்கை அம்முகவரியைத் தாங்கி வருவதால் கட்டுரை திறக்கிறது. செல்பேசி வலையமைப்பிலோ பல சந்தாதாரர்கள் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றனர். அதிலிருந்து கல்லூரியைக் கண்டறிய வழியில்லை. அதே மாணவர், அதே கைபேசி, அதே கட்டுரை. வாயிலைக் கடந்ததும் பதிப்பகம் கட்டணம் கேட்கிறது.

ஒருங்கிணைப்பு இச்சிக்கலைத் தீர்க்கும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. செல்பேசி நிறுவனத்தை மையமாகக் கொண்ட வடிவில் இது நேர்மாறாகவும் முடியலாம். மேற்குறித்த ஐந்தாம் தலைமுறை முறையில் இரு கிளைகளும் செல்பேசி நிறுவனத்தின் மைய வலையில் ஒன்றுசேர்ந்த பிறகே இணையத்தை அடைகின்றன. வளாக வைஃபையில் செல்லும் கிளையும் இதற்கு விலக்கன்று. எனவே நூலக வாசிப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவரின் கோரிக்கைகூடக் கல்லூரியின் முகவரியை இழந்து செல்பேசி நிறுவனத்தின் முகவரியுடன் பதிப்பகத்தை அடையும். இணைப்பு தொடர்கிறது, உரிமை அறுபடுகிறது. வேகத்தை மட்டும் அளக்கும் ஆய்வில் இந்த இழப்பு பதிவாவதே இல்லை.

வடக்கு மிச்சிகன் தரும் படிப்பினை

கல்வி நிறுவனமே இரு வலைகளையும் நடத்திய எடுத்துக்காட்டும் உண்டு. அமெரிக்காவில் 2.5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் ஓர் அலைக்கற்றை 1963 முதல் கல்வித் தொலைக்காட்சிக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. பின்னர் அது அகலப்பட்டைக்கும் திறந்துவிடப்பட்டது. உரிமம் பெற்ற கல்வி நிறுவனங்களுள் பல அதைத் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விட்டன. சுப்பீரியர் ஏரிக்கரையிலுள்ள மார்க்கெட் நகரின் வடக்கு மிச்சிகன் பல்கலைக்கழகம் மாற்று வழியைத் தேர்ந்தது. தன் மாணவர்க்கு மடிக்கணினி வழங்கும் திட்டத்தை நடத்திவந்த அப்பல்கலைக்கழகம், 2009இல் வைமேக்ஸ் வலையமைப்பைத் தானே நிறுவி, பின்னர் அதை எல்டிஇ முறைக்கு மாற்றியது. வளாகத்தில் வைஃபை, ஊரில் கோபுரம் என இரண்டும் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தன. 2011 பிப்ரவரியில் அங்குச் சென்ற அன்றைய அதிபர் ஒபாமா, தம் நாடு தழுவிய கம்பியில்லா இணையத் திட்டத்தை அங்கிருந்தே விளக்கினார்.

இம்முயற்சியை எல்லா இடங்களிலும் பின்பற்றலாம் எனக் கொள்வது பொருந்தாது. அதன் அடித்தளம் கல்விக்கென ஒதுக்கப்பட்ட அலைக்கற்றை. அந்த அடித்தளமே பின்னர்த் தளர்ந்தது. அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 2019இல் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் என்ற கட்டுப்பாட்டை நீக்கியது. எஞ்சிய அலைக்கற்றைக்கான 2022 ஏலத்தில் பெரும்பாலான உரிமங்களை டி-மொபைல் நிறுவனம் பெற்றது. எனவே கோபுரத்துக்கு உரிமையாளராவது எல்லா நிறுவனங்களுக்கும் இயலும் வழியன்று. மார்க்கெட் நகரில் பயனளித்தது கோபுரம் மட்டுமன்று. இணைப்புக்கு உரியவர் யார் என்பதைப் பல்கலைக்கழகம் தீர்மானித்ததும் ஆகும். முன்னதற்கு அலைக்கற்றை வேண்டும். பின்னதற்கு அது தேவையில்லை.

இந்தியச் சூழலில் ஒரு மதிப்பீடு

இந்தியாவில் தனி நிறுவனங்கள் தமக்கான ஐந்தாம் தலைமுறை வலையமைப்பை அமைப்பதற்கான வழிகாட்டுதல்களைத் தொலைத்தொடர்புத் துறை 2022இல் வெளியிட்டது. ஆய்வகப் பயன்பாட்டுக்கு இது உதவலாம். ஆனால் அத்தகைய வலையும் வளாக எல்லைக்குள் அடங்குவதே. வைஃபை ஏற்கெனவே உள்ள இடத்தில் மற்றொரு வலையைச் சேர்ப்பதால் விடுதியறையும் சிற்றூர் வீடும் நெருங்கி வருவதில்லை.

தரவை இலவசமாக வழங்குவது மற்றொரு வழி. 2021 தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு, கல்லூரி மாணவர் 9 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜிபி தரவு வழங்கும் திட்டத்தை அறிவித்தது. செலவை மாணவரிடமிருந்து அரசுக்கு மாற்றிய வகையில் இது பாராட்டத்தக்கது. எனினும் தரவு அட்டையில் வரும் இணைப்பும் செல்பேசி நிறுவனத்தின் முகவரியையே தாங்கி வருவது. ஐபி முகவரியைச் சார்ந்த நூலக அனுமதி அத்துடன் வருவதில்லை. கல்வித் தளங்களை மட்டும் கட்டணமின்றித் திறந்துவிடலாம் என்னும் யோசனைக்கோ சட்டத் தடை உண்டு. உள்ளடக்கத்தைப் பொறுத்துத் தரவுக் கட்டணத்தை வேறுபடுத்துவதைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2016 பிப்ரவரியில் தடைசெய்தது. ஆகவே பொதுநிதி உதவி தளத்துக்கு அன்றி மாணவருக்கு வழங்கப்படுவதே முறையாகும். அதற்கும் அவர் மாணவர் என்பதை உறுதிசெய்யும் அமைப்பு தேவைப்படுகிறது.

அவ்வமைப்பின் கூறுகள் ஏற்கெனவே உள்ளன. எர்னெட்டின் எஜுரோம் வளாகங்களுக்கிடையே மாணவரை ஏற்கச் செய்கிறது. காந்திநகரின் இன்ஃப்லிப்நெட் நடத்தும் இன்ஃபெட் கூட்டமைப்பு, எந்த வலையிலிருந்து வந்தாலும் கல்லூரிக் கணக்கைக் கொண்டு மின்னிதழ்களைத் திறக்க வழிசெய்கிறது. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: கல்லூரி பிழையின்றிப் பராமரிக்கும் பயனர் பட்டியல். சேர்க்கையன்று கணக்கு உருவாகி, படிப்பு முடிந்தபின் முடிவுறும் ஒழுங்கு இல்லாத இடத்தில் இவ்விரு சேவைகளும் பெயரளவிலேயே இருக்கும். கைபேசியின் மேக் முகவரியைப் பதிவுசெய்து வைஃபை வழங்கும் வழக்கம் இப்பட்டியலுக்கு மாற்றாகாது. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 ஆகியவற்றிலிருந்து கைபேசிகள் வைஃபையில் இணையும்போது மாற்று முகவரிகளையே இயல்பாகக் காட்டுகின்றன.

முடிவுரை

செல்பேசியையும் வளாக வைஃபையையும் ஒருங்கிணைக்கும் முயற்சிகளை இனி மூன்று வினாக்களால் அளத்தல் வேண்டும். வலை மாறும்போது செலவை ஏற்பவர் யார்? மாணவரை ஏற்பது கல்லூரியா, செல்பேசி நிறுவனமா? வளாகத்தில் திறந்த கட்டுரை வெளியிலும் திறக்கிறதா? இவற்றுக்கு விடையளிக்காத ஒருங்கிணைப்பு எத்துணை வேகமாயினும் கல்விக்குரியது ஆகாது. இரு வலைகளையும் இணைக்கும் பொறியியல் பெருநிறுவனங்களின் பணியாக இருக்கலாம். மாணவர் யார் என்று கூறும் பொறுப்பு கல்லூரியினுடையது. அதற்குப் பெரிதாக வேண்டுவது அலைக்கற்றை அன்று. ஒரு வழங்கியும், அதைப் பொறுப்புடன் நடத்தும் பணியாளரும், நூலகத்துக்கும் கணினி மையத்துக்கும் இடையிலான ஒத்துழைப்புமே. இதை ஒத்திவைக்கும் கல்லூரியில் அதன் விலையைச் செலுத்துபவர், பேருந்தில் ஊர் திரும்பும் வழியில் பூட்டிய கட்டுரையின் முன் நிற்கும் மாணவரே.