பந்தியில் உட்காரும் முன்

திருவண்ணாமலையில், அடி அண்ணாமலையிலிருந்து விடியலில் நடக்கத் தொடங்குங்கள். மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு குபேர லிங்கம், ஈசான்ய லிங்கம், பெரிய கோயில் என்று சுற்றிச் செங்கம் சாலைக்கு வந்தால், ரமணாசிரமத்தை எட்டும்போது நல்ல பசி எடுத்திருக்கும். அங்கே கிடைக்கும் பகல் சாப்பாட்டுக்கு அந்தப் பசியைவிடச் சிறந்த தொடுகறி கிடையாது.

செங்கம் சாலையில் வெள்ளைக்கார முகங்கள் அதிகம். மாதக்கணக்கில் வீடு எடுத்துத் தங்குபவர்கள். அவர்களுக்கென்றே காபிக் கடைகளும் வந்துவிட்டன. ஆனால் வெளியூரிலிருந்து வந்தவர்களைப் பல தலைமுறைகளாக உட்காரவைத்துச் சோறு போடும் இடம் ஆசிரமப் பந்திதான். அந்தப் பந்திக்குக் காரணமானவரும் வெளியூர்க்காரர்தானே! 1896 செப்டம்பர் 1 அன்று மதுரையிலிருந்து வந்து இறங்கிய பதினாறு வயதுப் பையன் அவர்; பின்னாளில் ரமணர்.

இந்தச் சாப்பாட்டின் ருசி பிச்சையில் தொடங்குகிறது. மலைக்குகையில் ரமணர் இருந்த காலத்தில் உடனிருந்த சாதுக்கள் ஊருக்குள் போய்ப் பிச்சை எடுத்து வருவார்கள். அப்போது பாடிக்கொண்டு போவதற்காகப் பிறந்ததுதான் அட்சரமணமாலை. கிடைத்ததையெல்லாம் ஒன்றாகக் கலந்து எல்லோரும் பகிர்ந்துகொள்வார்கள். 1916-இல் தாயார் அழகம்மாள் வந்து சேர்ந்த பிறகுதான் அடுப்பு நிலைத்தது. அப்பளம் இடக் கைகொடு என்று அவர் மகனைக் கேட்டதில் பிறந்தது அப்பளப்பாட்டு. உளுந்து, பிரண்டைச் சாறு எல்லாம் அதில் ஞானமாக மாறிவிடும். சமையல் தெரிந்தவர்கள் அதைப் படித்துவிட்டுப் போனால் அப்பளம் நொறுங்கும் சத்தமே வேறாகக் கேட்கும்.

1922-இல் தாயார் மறைந்தபின் மலையடிவாரத்தில் ஆசிரமம் எழுந்தது. விடியுமுன் எழுந்து காய் நறுக்கியவர், சட்னி அரைத்தவர், இலை தைத்தவர் ரமணரே. சிந்திய அரிசியைக் குனிந்து பொறுக்குவார். தனக்கு மட்டும் ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தால் கோபம் வரும். பந்தியில் எல்லோருக்கும் ஒரே அளவுதான்.

ஒன்றை மறைக்கக் கூடாது. அந்தப் பந்திக் கூடத்தில் பிராமணர்களுக்கும் மற்றவர்களுக்கும் நடுவே ஒரு தடுப்பு இருந்தது. இரு பக்கத்தாரும் பார்க்கும்படியான இடத்தில் ரமணர் உட்கார்ந்தார். 1935-இல் வந்து இங்கேயே தங்கிவிட்ட ஆங்கில மேஜர் சாட்விக் போன்றவர்கள் மற்றவர்களின் பக்கத்தில் சாப்பிட்டார்கள். தடுப்பை எடுத்துவிட்டிருக்கலாமே என்று என் மனம் இன்றும் கேட்கிறது. ஆனாலும் ரமணரின் இலையில் விழுந்ததுதான் இரு பக்கத்து இலைகளிலும் விழுந்தது. அதை நினைத்துக்கொண்டு சாப்பிடுங்கள்.

பகல் பந்தி பதினொன்றரை மணி வாக்கில். சற்று முன்பே போய்விடுங்கள். முதலில் சாதுக்களுக்கும் ஏழைகளுக்கும் சோறு போடுவார்கள். ஏழைகள் சாப்பிட்ட பிறகே மற்றவர்கள் என்பது ரமணர் காலத்து வழக்கம். அந்த வரிசையைப் பார்க்காமல் நேரே கூடத்துக்குள் போனால் பாதி விருந்தைத் தவறவிட்டவர் ஆவீர்கள்.

உள்ளே தரையில் சம்மணமிட்டு உட்காருங்கள். பேச்சைக் குறையுங்கள். தையல் இலையில் ரசம் ஊற்ற வருவார்கள். சோற்றில் முன்கூட்டியே ஒரு குழி பறித்து வையுங்கள். இல்லையென்றால் ரசம் தையலைத் தேடி ஓடும். பக்கத்தில் இருக்கும் வெளிநாட்டுப் பெண்மணி அந்தக் குழியை உங்களைவிடச் சுத்தமாகப் பறித்திருப்பார். பல வருஷப் பழக்கம். அவரைப் பார்த்து நீங்களும் கற்றுக்கொள்ளலாம்.