முதலில் நம் கப்பல்

"கடலையே காணாத தளிக்காரருக்குக் கப்பல் சட்டத்தில என்ன அக்கறை? தீவுச் சனத்துக்கு எண்ணெய் போகாமல் மறிக்கிற சட்டமெல்லோ உங்கட சட்டம்!" என்று யாழ்ப்பாணத்து உறவினர் ஒருவர் குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்று சொன்ன வார்த்தை, ஊர் திரும்பிய பின்னும் என் நெஞ்சைவிட்டு அகலவில்லை.

ஓசூரை அடுத்த தளியில் வாழும் நாங்கள் கடலுக்குத் தூரத்தவர்களே; ஆயினும் ஒடிசாவின் தால்ச்சரில் வெட்டிய நிலக்கரி, பாரதீப்பில் கப்பலேறி, எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் இறங்கி, மின்சாரமாக உருமாறி, ஓசூர்ப் பட்டறையின் லேத்தைச் சுழற்றுகிறது. அக்கரி சுமக்கவே 1974இல் தமிழக அரசு பூம்புகார் கப்பல் கழகத்தை நிறுவிற்று. இந்தியாவின் 1958ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்தின் 407ஆம் பிரிவு கரையோர வாணிபத்திலிருந்து அந்நியக் கப்பலை அடியோடு விலக்கவில்லை. சுதேசக் கப்பலை முதலில் கேள், அது கிடையாதபோது பிறருக்கு உரிமம் கொடு என்பதே அதன் நடைமுறையாக இருந்தது. 2018இல் சரக்குப் பெட்டகங்களுக்கும் உரத்துக்கும் அவ்விதி தளர்த்தப்பட்டது. 2025இல் கரையோரக் கப்பல் போக்குவரத்துக்கெனத் தனிச் சட்டமே பிறந்தது.

இலங்கையிலும் 1971இல் நிறுவிய அரசுக் கப்பற் கூட்டுத்தாபனம் உண்டு. நுரைச்சோலை அனல்மின் நிலையத்துக்கு வரும் அயல்நாட்டு நிலக்கரி நடுக்கடலில் பெருங்கப்பலிலிருந்து தட்டைப் படகுகளுக்கு மாற்றப்படுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசினால் அவ்வேலை நின்றுவிடும். நெடுந்தீவின் மின்னாக்கிகளோ டீசலையே நம்பியிருந்தவை. நாம் டிரம் என்பதை அவர்கள் பரல் என்கிறார்கள். பழைய டயரைக் கீழே போட்டு, பலகை வழியே இருவர் ஒரு பரலை உருட்டிப் படகில் இறக்கிய பக்குவத்தை இரு பகற்பொழுது குறிகட்டுவானில் இருந்த நான் வியந்து பார்த்தேன். ஆனால் நெடுந்தீவு உள்ளிட்ட தீவுகளுக்குச் சூரிய ஒளியும் காற்றும் கலந்த மின்திட்டத்தை இந்திய நன்கொடையில் அமைக்க 2024இல் ஒப்பந்தம் ஏற்றது, எங்கள் எல்லைக்கு அப்பாலுள்ள பெங்களூரு நிறுவனம் என்பதை உறவினருக்கு நினைவூட்டாதிருக்க முடியவில்லை.

நம் லட்சத்தீவுக்கும் டீசல் கடல்வழியேதான் போகிறது. மழைக்காலத்துக்கு முன் அங்கே நம் கப்பல் போதாதெனில், பிற கப்பலுக்கு உரிமத்தை ஒரு நாளும் தாமதியாமல் வழங்க வேண்டும். தேவை தீர்ந்ததும் அவ்வுரிமம் முடிய வேண்டும். 1906இல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே சுதேசிக் கப்பல் விடக் கம்பெனி கண்ட வ. உ. சிதம்பரனாரின் இனம் நாம். கதவைத் திறப்போம், சாவி நம் கையிலேயே இருக்கட்டும்.